சப்ளிமென்ட் டப்பாவில் எழுதாததும் இருக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊக்கமருந்து சோதனையில் யாராவது சிக்கினால் விளையாட்டுப் பக்கத்தில் பெரிதாகச் செய்தி போடுகிறீர்கள், சரி. ஆனால் அப்படிச் சிக்குகிறவர்களில் சிலர் ஏமாற்றப் பார்த்தவர்களே இல்லை, கடையில் வெளிப்படையாக விற்கிற பவுடரையோ மாத்திரையையோ நம்பிச் சாப்பிட்டவர்கள் என்பதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? வீரர்களிடம் கேட்டால் "லேபிளைப் பார்த்துத்தான் சார் வாங்குகிறேன்" என்பார்கள். லேபிளில் போடாத சரக்கு உள்ளே இருந்தால் பார்த்து என்ன பயன்?

சும்மா பயமுறுத்தவில்லை. 2000-2001இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உதவியோடு ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம், ஹார்மோன் இல்லாதவை என்று 13 நாடுகளில் விற்கப்பட்ட 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. அவற்றில் 94இல் லேபிளில் சொல்லாத அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது தசையை வளர்க்கும் தடை மருந்து, இருந்தது. எல்லாமே வேண்டுமென்று கலந்ததாக இருக்க வேண்டியதில்லை, அதே இயந்திரத்தில் முன்பு ஓட்டிய சரக்கின் மிச்சம் ஒட்டியிருந்தாலே சோதனையில் மாட்ட அது போதும்.

ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரேசில் நீச்சல் வீரர் செசார் சியேலோவுக்கு 2011இல் நடந்ததும் இதுதான். அவர் எடுத்தது தடை இல்லாத காஃபின் மாத்திரை, அதில் ஃபியூரோசிமைடு என்ற, சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் தடை மருந்து கலந்துவிட்டது. அவர் எச்சரிக்கையோடு தப்பினார், அதே வழக்கில் சிக்கிய சக வீரர் ஒருவருக்கு, முன்பும் ஒருமுறை மாட்டியிருந்ததால், ஓராண்டு தடை. உடம்பில் இருந்தால் வீரர்தான் பொறுப்பு, "கோச் கொடுத்தார்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

அப்புறம் இந்த 'மூலிகை, இயற்கை' பேச்சு. ஹிஜெனமைன் என்ற பொருள் தாவரங்களில் இருப்பதுதான், ஆனாலும் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. லேபிளில் வெறும் செடியின் பெயர் மட்டும் இருந்தால் யாருக்குத் தெரியும்?

முதலில் இது தேவையா என்று விளையாட்டு மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்க வேண்டும், ஜிம்மில் பக்கத்தில் எடை தூக்குகிறவரை அல்ல. ஆட்டத்துக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உள்ளவை காஃபின், கிரியேட்டின், நைட்ரேட் மாதிரி கைவிரலில் எண்ணக்கூடியவைதான். ரத்தப் பரிசோதனை செய்யாமல் இரும்புச்சத்து மாத்திரை விழுங்குவது வேண்டாத வேலை, அளவு மீறினால் கல்லீரலுக்கே ஆபத்து. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வெளி ஆய்வகத்தில் பேட்ச் வாரியாகச் சோதித்ததை மட்டும் வாங்கி, கையில் இருக்கும் டப்பாவின் பேட்ச் எண்ணும் அப்படிச் சோதித்தவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை, ஆபத்து குறையும், அவ்வளவுதான். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து பில்லையும் பத்திரப்படுத்தினால், நாளைக்கு ஒரு சிக்கல் வரும்போது காட்ட ஏதாவது இருக்கும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன பொருள், எது வழியாக உடம்பில் போனது என்பதையும் எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்திலேயே 'சில வாரங்களில் கட்டுமஸ்தான உடம்பு' விளம்பரம் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தடகளப் பயிற்சியாளர்