ஒரு டம்ளர் அரிசி

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதிக்கொண்டது.

மாவுக்கட்டு பிரிச்ச கையால பேனா பிடிச்சு எழுதினா விரல் சீக்கிரம் மடங்கும்னு பயிற்சி சொல்லிக்குடுக்கிற பொண்ணு சொன்னா. அதான் போன் பண்ணாம கடுதாசி. எழுத்து கோணலா இருக்கும், பாத்துப் படி. நீ வாங்கிக் குடுத்த பந்தைக் காலையும் மாலையும் அமுக்குறேன். வீக்கம் வத்திடுச்சு. தேங்கா துருவ மட்டும் இன்னும் வரல.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இந்த வருஷம், 2025-ல, ஜூன் 12-லயே மேட்டூர் அணையைத் திறந்துட்டாங்க. போன வருஷம் மாதிரி ஜூலை 28 வரைக்கும் காத்துக் கிடக்கல. ஆறு மூணாப் பிரியுற மூணாறு தலைப்புக்குத் தண்ணி வந்து, நம்ம வாய்க்கால்லயும் ஓடுது. மாமா குறுவை நட்டுட்டார், 110 நாள் ரகம். அவரே உனக்குச் சொல்லியிருப்பார்.

நீ அஞ்சறைப்பெட்டியை மேல் தட்டுல ஏத்தி வச்சுட்டுப் போயிட்ட. கை தூக்க முடியாதவளுக்கு மேல் தட்டாடா? எதுத்த வீட்டு அத்தை வந்து எடுத்துக் குடுத்தாங்க. புத்தூர் கட்டு போடலாம்னு அன்னைக்கு நின்ன அதே அத்தைதான். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, மணிக்கட்டு எலும்பு எங்க விலகியிருக்கு, மாவுக்கட்டு ஏன் 6 வாரம் இருக்கணும்னு நீ பொறுமையா காட்டினத இப்ப தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க. ஆம்பளப் புள்ள வாசல் தெளிக்கிறானேன்னு கேட்டதும் அவங்கதான். என் புள்ள தெளிக்காம வேற யார் தெளிப்பான்னு கேட்டுட்டேன். விராலைச் சாம்பல் தொட்டு உரசி, அருவாமணையில உக்காந்து நீ நறுக்கினது இந்தத் தெருவுல எந்தப் பொண்ணுக்கும் குறைஞ்சதில்ல. உங்க அப்பா ஒரு சொம்பு தண்ணி தானா மொண்டு குடிச்சவர் இல்ல.

எனக்குத் தலை பின்னிவிட்ட பாரு, அத நினைக்காத நாள் இல்ல. சிக்கை அடியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மேல வந்த. நடுவுல பிடிச்சுக்கிட்டு நுனியை வாரின. வலிக்கவே இல்ல. பாப்பாவுக்குப் பின்னிப் பழக்கமான்னு கேட்டேன். ம்னு சொன்ன, சீப்பைத் திண்ணையில வச்சுட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்ட.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாத. ராத்திரி நேரத்தோட வீட்டுக்குப் போ.

இன்னொண்ணும் பாத்தேன். உலை வைக்கும்போது நீ சின்ன டம்ளரால ஒரு டம்ளர் அரிசி எடுத்துக் களையப் போயிடுவ. அப்புறம் நின்னு, திரும்பி வந்து, எனக்கும்னு இன்னொரு டம்ளர் போடுவ. ஒரு நாள்னா மறதின்னு விட்டுடுவேன். கட்டு பிரிக்கிற வரைக்கும் அப்படித்தான் உன் கை போச்சு. மூணு பேர் இருக்கிற வீட்டுல உலை வைக்கிறவன் கை அப்படிப் போகாது தம்பி. நானும் உங்க அப்பா போனதுக்கப்புறம் அந்த அளவுக்குத்தான் வந்தேன், எனக்குத் தெரியாதா.

அன்னைக்கும் நான் கேக்கல, இப்பவும் கேக்கல. மருமகளுக்கு நார்த்தங்கா ஊறுகா குடுத்தனுப்பினேன். புடிச்சுதான்னு போன்ல கேட்டா, குடுத்துர்றேம்மாங்கிற. ஒரே வீட்டுல இருக்கிறவங்களுக்குக் குடுக்க எத்தனை நாளாகும்? அதுக்கு மேல பேச்சு வந்தா, சிக்னல் இல்லம்மான்னு வச்சுடுற. நான் அவளைக் குத்தம் சொல்லமாட்டேன். நான் விழுந்த அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணி அழுதா. அத உங்கிட்ட சொல்ல வேணாம்னா, அதனால சொல்லல. இப்ப சொல்றேன்.

இத்தனை வேலையையும் ஒருத்தனா செஞ்ச, முகம் சுளிக்கல. சாமர்த்தியந்தான், பெருமையாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் ஒருத்தனே செஞ்சுக்கலாம்னு பழகிடாத.

ஆடி 18 இந்த வருஷம் ஞாயித்துக்கிழமையில வருது, லீவு கேக்க வேண்டியதில்ல. சனிக்கிழமை பொறப்பட்டு வந்துடு. மன்னை எக்ஸ்பிரஸ்ல இப்பவே டிக்கெட் போட்டாத்தான் கிடைக்கும். பாப்பாவுக்கு ஆத்தங்கரையில மஞ்சக் கயிறு கட்டணும்னு ஆசையா இருக்கு. புளியோதரையும் தேங்கா சாதமும் கிளறணும், காப்பரிசிக்கு ஊறப் போடணும், அளவு தெரியணும். எத்தனை டிக்கெட் போட்டன்னு மட்டும் சொல்லு. மூணு போட முடிஞ்சா மூணு போடு. ஒண்ணுதான்னாலும் வராம இருந்துடாத.

இப்படிக்கு,
அம்மா