தேசிய தின விருந்துக்கு யாரையெல்லாம் கூப்பிடுறது

டேய் குமாரு,

பொண்ணுக்கு கோயம்புத்தூர்லயே சீட் கெடச்சது ரொம்ப சந்தோஷம்டா, மாமா கேட்டேன்னு சொல்லு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம். இந்த 2025 ஆகஸ்ட் 9 வந்தா சிங்கப்பூருக்கு 60 வயசு, எங்க புளோக்ல இப்ப அதே பேச்சுதான். புளோக்குக்குக் கீழ தெறந்தவெளியா இருக்குற தரைத்தளம், வாய்ட் டெக்னு சொல்லுவாங்க, அங்க எல்லாரும் கலந்துக்குற விருந்து, அந்த ஏற்பாட்டுல நானும் இருக்கேன்.

முதல் மீட்டிங்ல வழக்கமான பிளான்தான், ஒரு சீன டான்ஸ், ஒரு மலாய் டான்ஸ், ஒரு இந்திய டான்ஸ். எனக்கு அது பத்தலடா. மேடையில ஏத்திட்டா போதுமா, பிளான் போடுறப்பவே அவங்களும் உக்காந்திருக்கணும்ல. அடுத்த மீட்டிங்குக்கு மூணாவது மாடி மலாய் அக்காவ கூப்பிட்டோம், அவங்க சொன்னப்புறம்தான் ஏழு மணிக்கு ஆரம்பிச்சா பொழுது சாஞ்சதும் பண்ற மஃரிப் தொழுகையோட இடிக்கும்னே மத்தவங்களுக்கு ஒறச்சுது, ஏழே முக்காலுக்கு மாத்தியாச்சு. ஹலாலுக்குன்னு தனி மேசை போடாதீங்க, மொத்த சாப்பாடும் ஹலாலா வாங்கி சைவமும் கொஞ்சம் வச்சிட்டா யார் வேணா யார் பக்கத்துலயும் உக்காரலாமேன்னாங்க, எவ்ளோ நல்ல யோசனை பாரு. அப்புறம் ஹொக்கியென்ங்கிற சீன பாஷை மட்டும் பேசுற பாட்டிங்க, 1965ல மலேசியாவ விட்டுப் பிரிஞ்சப்போ லீ குவான் யூ டிவில கண்கலங்குன காலத்த வாழ்ந்து பாத்தவங்க, அவங்ககிட்ட இங்கிலீஷ் நோட்டீஸ நீட்டுனா எப்படி? அவங்க பேரப்பசங்களவிட்டு வீடு வீடா போய் சொல்லச் சொல்லிருக்கேன்.

2019ல, இங்க பிரிட்டிஷ் வியாபாரத் துறைமுகத்த ஆரம்பிச்ச ராஃபிள்ஸ் வந்து 200 வருஷம்னு கொண்டாடுனப்போ ஆத்தோரம் இருக்குற அவர் சிலை பக்கத்துல இந்த ஊர் வரலாத்துல பேர் எடுத்த இன்னும் நாலு பேருக்கு சிலை வச்சாங்க, சங் நீல உத்தமா, தான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நம்ம நாராயண பிள்ளை. 1819லயே வந்து இங்க செங்கல் சூளை போட்டவருடா அவரு. அந்த நாலு சிலையும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு, ஆனா பாக்க நெஞ்சு நெறஞ்சுது.

அதான் இப்ப என் சண்டையே. அன்னிக்கு செங்கல் அறுத்தவருக்கு சிலை வச்ச ஊரு, இன்னிக்கு கட்டடம் கட்டுற நம்மூரு பசங்களையும் பங்களாதேஷ் பசங்களையும் விருந்துக்கு கூப்பிட வேணாமா? அவங்க குடிமக்கள் இல்லையேன்னு ரெண்டு பேர் இழுக்குறாங்க, நான் விடுறதா இல்ல. சனிக்கிழம வேணாம், 10ஆம் தேதி ஞாயித்துக்கிழம வச்சாதான் நெறைய பேருக்கு லீவு இருக்கும்னு கேட்டுக்கிட்டிருக்கேன்.

உங்க அக்கா பையன் துவாஸ்ல தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரிலதான இருக்கான்? நம்பர் அனுப்பு. அடுத்த மீட்டிங்குக்கு அவனையும் ரெண்டு கூட்டாளிங்களையும் கூட்டிட்டு போகணும், எப்படி வேணும்னு அவங்களே சொல்லட்டும்.

அன்புடன்,
செல்வம்