பிள்ளை நல்லா இருக்கு, சாப்பிட்டாச்சு

கொங்கண் பக்கம் கூட்டிப் போயிருந்த, என்னிடம் படிக்கிற பத்தொன்பது பிள்ளைகளோடு நேற்று மதியம் மும்பை சயானில் இறங்கி, எல்லோரையும் அவரவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழையில் மாட்டிக்கொண்டு அந்த இரண்டு நாள் பட்ட பாடு நம் நைன்ட்டி ஃபீட் ரோடு முழுக்கத் தெரியும், மறுபடி சொல்லப் போவதில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அதில் ஒருவரை, பிள்ளைகளின் வீட்டாரான உங்களில் யாருமே பார்த்ததில்லை, ஆனால் அவர் குரலை அநேகமாக எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தெரியாத நம்பரிலிருந்து போன் வந்ததே, ஒரு ஆள் தட்டுத் தடுமாறி "பிள்ளை நல்லா இருக்கு, சாப்பிட்டாச்சு" என்று சொல்லி, நீங்கள் என்ன கேட்டாலும் திரும்ப அதையே சொல்லிவிட்டு வைத்தாரே, அவர்தான்.

கொங்கண் கரையில் தாபோள், தோபாவே என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே, வசிஷ்டி ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஓடும் படகில் கயிறு கட்டுகிற வேலை அவருக்கு. கார், பைக் எல்லாம் ஏறுகிற பெரிய படகு, கால் மணி நேரத்தில் அக்கரை. நாங்கள் தோபாவேயில் இறங்கிய பிறகு படகும் நின்றது, ரோடும் அடைத்துக்கொண்டது, கரண்டும் போனது. எங்கள் போன்கள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. அவரிடம் ஒரு பட்டன் போன், அதில் சார்ஜ் இருந்தது. ஆனால் மேட்டில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிப் போகிறேன் என்றேன். இந்த வழுக்கலில் குழந்தைகள் ஏற வேண்டாம், நம்பரை எழுதிக் கொடுங்கள், நான் போகிறேன் என்றார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டு எனக்கும் நகர முடியவில்லை.

முதலில் ஒரே ஒரு நம்பருடன் போனார். அந்த வீட்டில் ஆச்சி எடுத்திருக்கிறார்கள். ராத்திரி நேரத்தில் முன்பின் தெரியாத ஆள் இந்தியில் "உங்கள் பேத்தி எங்களிடம் இருக்கிறாள்" என்றால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது? ஆச்சி அழுதுவிட்டார்கள். அவர் நனைந்துபோய், முகம் வாடி இறங்கி வந்தார். வந்ததும் அந்தப் பேத்தியிடமே, "உங்கள் பாஷையில் இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்.

அவள் சொல்லச் சொல்ல, டிக்கெட் கட்டின் பின்பக்கம் மராத்தி எழுத்தில் எழுதிக்கொண்டார். 'பிள்ளை' சுலபமாக வந்துவிட்டது, 'ள' மராத்தியிலும் உண்டே. 'சாப்பிட்டாச்சு'வுக்குத்தான் நாக்கு மடங்கவில்லை. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார், அவள் திருத்தினாள். சரி என்று தலையாட்டிவிட்டு, பெயரும் நம்பரும் எழுதிய சீட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, குடையை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்குப் போனார். ஆச்சிக்குத்தான் முதல் போன்.

பத்தொன்பது வீடு. எடுக்காத வீட்டுக்கு மூன்று தடவை, நாலு தடவை அடித்திருக்கிறார். தெரியாத நம்பரை எடுக்காததில் உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை. ஆறு பிள்ளைகளுக்கு அம்மா நம்பர்கூட மனப்பாடமாகத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்குச் சொல்லித்தான் தகவல் அனுப்பினோம். அவர் திரும்பி வந்தபோது கவரையும் மீறிச் சீட்டு ஊறியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பென்சிலால் ஒரு கோடு. என்னிடம் நீட்டி "ஸகளே ஜாலே" என்றார், எல்லாம் ஆயிற்று என்று. ரீசார்ஜுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பணத்தை எடுத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தச் சீட்டு என் பர்ஸில் காய்ந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன், ஒரு வரியை இத்தனை அக்கறையாகப் படித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். தோபாவேயில் விறகடுப்பில் அரிசி மாவு பாக்ரி சுட்டுத் தந்த வீடுகள், மரத்தை வெட்டி ரோட்டைத் திறந்த பையன்கள், சிப்லூண் ஊர் வரை வண்டியை ஆமை மாதிரி ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்த டிரைவர். சிப்லூண் விடுதியில் அகாலத்தில் எழுந்து கதவைத் திறந்த அம்மா, 2021 ஜூலை வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவரில் தலைக்கு மேலே தொட்டுக் காட்டினார், அப்போது எங்களுக்கு ஊரார்தானே சோறு போட்டார்கள் என்று சொல்லி டார்மிட்டரி வாடகையில் பாதியைத் திருப்பித் தந்தார். மழையென்றால் கொங்கண் ரயில் மெதுவாகத்தான் போகும், அன்றும் அப்படித்தான். பாதையோரம் ரெயின்கோட்டும் டார்ச்சுமாக நடந்தே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஜன்னலில் கண்டோம், அவர்களுக்கும் நன்றி. போகும்போது நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமான நாதுவாடி சுரங்கத்தை ஒரே கூச்சலாகக் கடந்த பிள்ளைகள், வரும்போது ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு நம்பர் இரண்டை மனப்பாடமாகச் சொன்ன பிறகுதான் வாசலைத் தாண்டும். நம்பர்கள் என் போனில் மட்டும் இருந்தது என் தவறு, இனி நோட்டிலும் எழுதி வைப்பேன்.

அப்புறம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைக்கு வந்த நம்பரை ஏமாற்றுக்காரன் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் பிளாக் செய்திருக்கிறீர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். தீபாவளியன்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவருக்குப் போன் போடப் போகிறார்கள். என்ன பேசுவது என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்: "காகா, ஜேவலாத் கா?" சாப்பிட்டீங்களா என்று கேட்கப் போகிறார்கள்.