பிள்ளைகளைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலிருந்து, ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து எழுதும் மடல் இது. அடிக்கடி வராமல் நின்ற பிள்ளைகள் இப்போது ஒழுங்காக வருகிறார்கள். அதற்கான நன்றியை, அவரவர் செய்த வேலையின் விவரத்தோடு சொல்ல விரும்புகிறோம். பொத்தாம்பொதுவாக "அனைவருக்கும் நன்றி" என்று எழுதிவிட்டால் அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முதல் நன்றி, மாதம் ஒருமுறை வருகைப் பதிவேட்டின் முன் பொறுமையாக உட்காரும் குழுத் தாய்மார்களுக்கு. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வது எத்தனை சரி என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். வகுப்பில் 25 பிள்ளைகள், மாதத்தில் 20 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 500 வருகை. அதில் 460 பதிவானால் 92 விழுக்காடு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விடுபட்ட அந்த 40, இருபது பிள்ளைகள் இரண்டிரண்டு நாள் வராததாகவும் இருக்கலாம்; நான்கே பிள்ளைகள் பத்துப் பத்து நாள் வராததாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையில் நான்கு பேரின் படிப்பு நின்றுகொண்டிருக்கிறது, விழுக்காடு அதை மறைத்துவிடுகிறது. அதனால் அவர்கள் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயரையும் இடமிருந்து வலமாகப் படித்தார்கள். மாதத்துக்கு இரண்டு நாள் என்றாலும் பத்து மாதத்தில் இருபது நாள். தொடக்கப் பள்ளிக்கு ஆண்டில் இருக்க வேண்டிய 200 வேலை நாளில் அது பத்தில் ஒரு பங்கு. ஆகவே மாதத்தில் இரண்டு நாள் விட்ட பெயரையே சிவப்பு மையால் வட்டமிட்டார்கள். பிறகு மேலிருந்து கீழாகப் பார்த்தார்கள்: திங்கட்கிழமை, சந்தைக்கு மறுநாள், திருவிழாவுக்கு மறுநாள் எல்லாம் கண்ணில் பட்டன.

வட்டமிட்ட பெயருக்கு எதிரே ஒரே சொல்லில் காரணம்: தம்பி, சிரங்கு, துணி, தூரம், சூளை. "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்பதை மட்டும் யாரும் எழுதக் கூடாது என்று அவர்கள் வைத்த விதிக்குத் தனியாக ஒரு நன்றி. அப்படி எழுதிவிட்டால் மறுநாள் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. "தம்பி" என்று எழுதினால் இருக்கும்.

அந்தத் தம்பியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அடுத்த நன்றி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் நாளில், கைக்குழந்தையைப் பார்க்க மூன்றாம் வகுப்பு அக்காள் வீட்டில் நிற்பது எங்கள் பக்கத்தில் பெரிய காரணம். வேலைத்தளத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ மேற்பட்டோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்பது அந்த வேலைச் சட்டத்திலேயே எழுதியிருந்த ஏற்பாடு. பணித்தளப் பொறுப்பாளர் அம்மா அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நிழலுக்கு ஒரு தார்ப்பாய், மரக்கிளையில் இரண்டு தூளி, மூடி போட்ட தண்ணீர்க் குடம், செலவு அவ்வளவுதான். இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்காக அங்கன்வாடி அக்கா எட்டரை மணிக்கே கதவைத் திறந்தார். அங்கன்வாடி திறக்கும் நேரம் பள்ளி மணிக்குப் பிந்தினால், தம்பியை விடப் போகும் அக்காளுக்கு அன்று முதல் பாடம் கிடையாது. சில நாளில் பள்ளியே கிடையாது.

காலை உணவு சமைக்கும் சுயஉதவிக் குழு அக்காமார்களுக்கு என்ன சொன்னாலும் போதாது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்ற அளவை யாரும் போட்டுவிடலாம். நேரத்தைத்தான் பிடிக்க முடியாது. சாப்பாடு பத்து நிமிடம் பிந்தினால் முதல் பாடவேளை போய்விடும். இரண்டு நாள் பிந்தினால், "அங்கே போனாலும் பசிதான்" என்று பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடும். பிந்துவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, நடுவில் தீர்ந்துபோகும் காஸ் சிலிண்டர். மாற்றுச் சிலிண்டர் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். இன்னொன்று தலைக்கணக்கு. வெள்ளிக்கிழமைக் கணக்கை வைத்துத் திங்கட்கிழமை உலை வைத்தால் மிஞ்சும் அல்லது பற்றாது. முந்தின நாள் மாலையே எங்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். உப்புமா ஆறினால் கட்டிதட்டும், சின்னப் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பதால் ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, இளக்கமாக இறக்கி மூடிவைத்தார்கள்.

வராத பிள்ளையின் வீட்டுக்குத் தகவல் போவதிலும் ஒரு முறை உண்டு. முதல் நாள் காலை பத்து மணிக்குள் ஒரு போன். இரண்டாம் நாள் அதே தெருவில் இருக்கும் குழுத் தாய் எட்டிப்பார்ப்பார். மூன்றாம் நாள் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போவார். போனில் "ஏன் அனுப்பல?" என்று கேட்டால் அம்மா வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லி வைத்துவிடுவார். "பிள்ளையைக் காணோமேன்னு தேடினோம்" என்றால் உண்மை வரும். நேரில் போவதென்றால் மாலை ஆறு மணிக்கு மேல்; பகலில் பெரியவர்கள் வேலையில் இருப்பார்கள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஐந்து பேராகப் போகவே கூடாது. தெரு கூடிவிடும், அந்த வீட்டுக்குத் தலைகுனிவு, மறுநாள் பிள்ளை நம்மைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். போன் எண் ஆண்டுக்கு இரண்டுமுறையாவது மாறும். ஜூனிலும் ஜனவரியிலும் எண்களைப் புதுப்பிக்கும்போது, எடுக்காத வீடுகளுக்குத் தம் எண்ணைக் கொடுத்துத் தகவல் சொல்லிவரும் மளிகைக்கடை அண்ணனுக்கும் நன்றி.

கிராம சுகாதார செவிலியர் அம்மா செய்தது சிறிய காரியம் போலத் தோன்றும், பலனோ பெரிது. அம்மையோ கண் நோயோ வந்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்போது அனுப்பலாம் என்று யாரும் சொல்வதில்லை. அவர் இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சின்னம்மையில் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியபின் வரலாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளையும் அதையொட்டி வீட்டாரோடு பேசி முடிவுசெய்தார். சிரங்கில் நடக்கும் தவறு வேறு. பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவுவார்கள். வீட்டில் உள்ள மற்றவரிடமிருந்து அது திரும்பி வரும். வீட்டில் எல்லோரும் ஒரே இரவில், கழுத்துக்குக் கீழே உடல் முழுக்கத் தடவி, அன்றே பாய், போர்வை, துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டும்.

மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடும் அண்ணன் திங்கட்கிழமை எட்டு மணிக்குள் தண்ணீர் ஏற்றிவிடுகிறார். ஞாயிறன்று காலியான தொட்டியோடு திங்கள் தொடங்கினால் கழிப்பறை நாறும், மதியத்துக்குமேல் பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி, தரையிலிருந்து இரண்டரை அடியில் மறுபடி பொருத்தித் தந்த தச்சருக்கும், சிறிதாகிப்போன சீருடைகளை வாங்கிப் பொத்தானும் கொக்கியும் தைத்துப் பள்ளிப் பெட்டியில் போட்டுவைத்த தையல்கார அக்காவுக்கும் நன்றி. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாமல் பிள்ளை நின்றுபோவது அந்தப் பெட்டியால் நின்றது.

சூளைதான் கடினமானது. பொங்கல் முடிந்ததும் அட்வான்ஸ் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்பும். பிள்ளை போன இடத்துப் பள்ளியில் உட்கார்ந்திருந்தாலும், பெயர் எங்கள் எமிஸ் பதிவில், அதாவது கல்வித்துறையின் கணினிப் பதிவில், எங்கள் பள்ளியின் பேரில் இருக்கும்வரை அங்கே ஏற்ற முடியாது. இங்கே "வரவில்லை" என்று நாள்கள் ஓடும். குடும்பம் போகிறது என்று தெரிந்த அன்றே பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால், அந்தப் பள்ளி அதை எடுத்துக்கொள்ளும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பதும் சட்டம். இருந்தாலும் அம்மாவின் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்புகிறோம்: எமிஸ் எண், வகுப்பு, எண்ணும் எழுத்தும் பயிற்சியில் பிள்ளையின் கற்றல் நிலை அரும்பா மொட்டா மலரா, எங்கள் போன் எண். அந்தத் தாளைப் பார்த்து, நடுவாண்டில் வந்த பிள்ளையை அன்றே வகுப்பில் உட்காரவைத்த சூளைப் பகுதி ஆசிரியர்களை நாங்கள் நேரில் கண்டதில்லை. அவர்களுக்கு எங்கள் வணக்கம். சில வீடுகளில் பேரப்பிள்ளையைத் தன்னோடு நிறுத்திக்கொண்ட பாட்டிமார்கள் உண்டு. இரவுச் சோறும் காய்ச்சலும் முழுக்க அவர்கள் தலையில். அதையும் தாங்கி, காலையில் தலை வாரி, தெருமுனைவரை கூட வந்து விட்டுப்போகிறார்கள்.

வகுப்புத் தோழர்களுக்கும் ஒரு சொல். பல நாள் கழித்து வரும் பிள்ளையை "ஏண்டா வரல?" என்று சூழ்ந்து கேட்காமல், பக்கத்தில் இடம் விட்டு, விட்டுப்போன பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். முழு வருகைக்குப் பரிசு என்ற வழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு நாள் தவறியதும் அந்தப் பிள்ளைக்கு ஆண்டு முழுக்கப் பரிசு இல்லை என்றாகிவிடும். காய்ச்சலோடு வருகிறவர்களும் உண்டு. போன மாதத்தைவிட அதிக நாள் வந்தவர் பெயரைத்தான் இப்போது காலை வழிபாட்டில் வாசிக்கிறோம்.

பேருந்து நிறுத்தத்து டீக்கடை அண்ணனுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஜூன் மாதம் சூளை லாரியிலிருந்து மூட்டை முடிச்சோடு இறங்கும் குடும்பங்களை முதலில் பார்ப்பவர் நீங்கள்தான். போன ஆண்டு செய்ததுபோலவே, எந்த வீடு வந்தது என்று அன்றே ஒரு போன் போடுங்கள். பெயரைத் திரும்ப எடுத்து, மறுநாள் காலைத் தலைக்கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர்