எச்சரிக்கை யாரை எட்டுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் தொடங்கியதும் வானிலை முன்னறிவிப்பின் துல்லியம் பற்றி நிறையவே பேசுகிறோம். அந்த அறிவிப்பு உரியவரைச் சென்றடைகிறதா என்பது அரிதாகவே விவாதத்துக்கு வருகிறது. சுற்றுச்சூழல் மற்றும் இடர்த் தகவல் தொடர்பில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டுள்ள எனக்கு, 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் புயலாக வலுப்பெற்ற ஒக்கியே இதற்கு முதன்மைச் சான்றாகப் படுகிறது. முந்தைய நாள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலானது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் அதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். கரையிலிருந்து சில கடல் மைல்களைத் தாண்டினால் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காத நிலையில், ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்னும் அறிவிப்பு கடலிலேயே இருந்தவர்களுக்கு எப்படிப் பயன்பட்டிருக்கும்?

அதன் பின்னர் இந்தியாவின் இடங்காட்டும் அமைப்பான நாவிக் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் வந்தன, வரவேற்கிறேன். ஆனால் காற்றின் வேகத்தை மட்டும் சொல்லும் செய்தி, படகை எந்தப் பக்கம் திருப்புவது, எத்தனை மணி நேரம் அவகாசம் உள்ளது என்ற கேள்விகளுக்கு விடை தராது. வாடை, கொண்டல் ஆகிய காற்றுகளையும் நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தையும் கணித்தே தொழில் செய்யும் மீனவர்களுடன் கலந்து பேசி, வானிலைத் துறையும் மீன்வளத் துறையும் இந்த வாசகங்களைத் திருத்தியமைக்க வேண்டும். அந்தப் பேச்சு அடுத்த புயலுக்குப் பிறகு அல்ல, இந்தப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி, நாகர்கோவில்.