11 நொடிக்கு ஒரு மாதம்: சென்னை அனிமேஷன் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னையில் இயங்கும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்களின் அனிமேஷன் சூப்பர்வைசர்கள், இந்நகரத்துப் பயிற்சி நிலையங்களில் பாடத்திட்டத்துக்குப் பொறுப்பானவர்கள்.

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் வடபழனியில் நடந்த ஒரு நேர்காணலில் குழுவுக்கு வெளியாளாக உட்கார நேர்ந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கிய ஷோரீல்கள் (வேலை தேடுபவர் தம் திறமையைக் காட்டத் தொகுத்த சிறு காணொளிகள்) மாலை வரை ஓடிக்கொண்டே இருந்தன. பந்து துள்ளியது, வால் வைத்த பந்து துள்ளியது, ஒரே இலவச ரிக் (அசைக்கத் தயாராக எலும்புக்கூடும் பிடிகளும் பொருத்திய கணினிப் பாத்திரம்) பலருடைய கையில் ஒரே மாதிரி நடந்தது, ஓடியது, சுவரைத் தாண்டியது. மூன்று மணிக்கு மேல் வந்த ஒரு பெண்ணின் ரீலில், நிறமோ ஒளியமைப்போ இல்லாத சாம்பல் உருவம் ஒன்று, மழை விட்டுவிட்டதா என்று கையை நீட்டிப் பார்த்து, குடையை மடக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடியும் வானத்தை அண்ணாந்து பார்த்தது. ஆறு நொடிதான். அதுவரை கைப்பேசியில் ஒரு கண் வைத்திருந்த சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடுங்கள்" என்றார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, தோழிகள் நால்வர் சேர்ந்து மாதம் ஒரு சிறு போட்டி வைத்துக்கொள்வதாகவும், படித்த நிலையத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் அவர் சொன்னார். அந்தப் பதிலின் பின்பாதிதான் என்னை இம்மடலை எழுத வைத்தது.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: தமிழ் வசனத்தைக் கொண்டு, 11 நொடிக்கு மிகாத ஒரு கேரக்டர் அனிமேஷன் போட்டியை ஸ்டுடியோக்களும் பயிற்சி நிலையங்களும் சேர்ந்து மாதந்தோறும் நடத்துங்கள். அதற்காகச் சூப்பர்வைசர்கள் மாதத்தில் ஒரு மணி நேரத்தையும், நிலையங்கள் மதிப்பெண்ணில் ஒரு பங்கையும் விட்டுக்கொடுங்கள்.

இந்த முறை புதியதன்று. '11 செகண்ட் கிளப்' என்ற பெயரில் இணையத்தில் நடந்த போட்டியை உங்களில் பலர் அறிவீர்கள். மாதத் தொடக்கத்தில் சுமார் 11 நொடி நீளமுள்ள ஒரு வசன ஒலித்துண்டு கொடுக்கப்படும்; அதற்கு ஒரு கதாபாத்திரத்தை நடிக்கவைத்து மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டும்; பங்கேற்பவர்களே வாக்களிப்பார்கள்; முதலிடம் பெற்றவருக்குத் தொழில்முறை அனிமேட்டர் ஒருவரின் விரிவான விமர்சனம் பரிசாகக் கிடைக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 11 நொடி என்பது 264 ஃப்ரேம். முழுநீள அனிமேஷன் படங்களில் ஓர் அனிமேட்டர் வாரம் முழுக்க உழைத்துச் சில நொடிகளையே முடிக்கிறார் என்பதை நினைத்தால், மாலை நேரங்களில் மட்டும் உழைப்பவருக்கு இது சரியான சுமை. அதோடு, வசனமும் ரிக்கும் கெடுநாளும் வெளியிலிருந்து வந்துவிடுவதால், நடிப்பு ஒன்றைத் தவிர ஒளிந்துகொள்ள வேறு இடம் இருப்பதில்லை.

ஒளிந்துகொண்டதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நான் படித்த காலத்தில் இறுதி ஆண்டுக்கென நால்வர் குழுவாக மூன்று நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அரசன், கோட்டை, யானை, மழை எல்லாம் அதில் உண்டு. எட்டு மாதங்கள் மாடலிங்கிலும் டெக்ஸ்ச்சரிலும் யானையின் தோல் சுருக்கத்திலும் கரைந்தன. அனிமேஷனுக்கு மூன்று வாரம்கூட மிஞ்சவில்லை. அரசன் சிம்மாசனத்திலிருந்து எழும்போது இடுப்பில் எடையே இல்லாமல், யாரோ நூலைக் கட்டி மேலே இழுப்பதுபோல் எழுந்தான். பாதி ரெண்டர் ஆகாமலே, அதாவது கணினி இறுதிப் படமாக ஆக்கித் தராமலே, ஒப்படைத்தோம். நல்ல மதிப்பெண் கிடைத்தது என்பதுதான் வேடிக்கை. வேலைக்குப் போன இடத்தில் அந்தக் குறும்படத்தின் முதல் இருபது நொடியைப் பார்த்துவிட்டு, "நடிப்பு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் ரோட்டோவில், அதாவது படக்காட்சியில் உள்ள பொருளை ஃப்ரேம் ஃப்ரேமாக விளிம்பு வரைந்து பிரித்தெடுக்கும் வேலையில், வாகன விளிம்புகளை வரைந்துகொண்டிருந்தேன். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, என் வீட்டு வாடகையைக் கொடுத்தது அதுதான். ஆனால் நான் படித்தது அதற்காக அல்ல.

டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் நூலாகத் தொகுத்த அனிமேஷனின் 12 கோட்பாடுகளை நம் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். 'ஆன்டிசிபேஷன்' (ஓர் அசைவுக்கு முன் வரும் ஆயத்த அசைவு) என்றால் என்ன என்பதற்கு விடை உடனே வரும். குடையை மடக்கப்போன கை ஏன் தயங்குகிறது என்பதற்கு வராது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண்பதற்குக் கை பழக வேண்டும், சங்கீதக்காரர்கள் சாதகம் என்பார்களே, அதுபோல. ஒரு பெரிய படைப்பை ஆண்டுக்கொரு முறை முடிப்பவர், ஒரே பிழையை ஆண்டுக்கொரு முறைதான் கண்டுபிடிக்கிறார்.

என் மாணவர்களோடு சென்ற ஆண்டு நடத்திப்பார்த்த ஒரு சுற்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நாங்கள் பதிவு செய்துகொடுத்த வசனம் இது: "அப்பா… சாப்பிட்டாச்சா?" மூன்று நொடி மௌனம். "இல்ல, சும்மாதான் கேட்டேன்." வெளியூரிலிருந்து ஒரு மகள் தொலைபேசியில் பேசுகிறாள், அப்பாவின் குரல் நமக்குக் கேட்பதில்லை. மாணவர்கள் எல்லாரும் வழக்கமான உதட்டசைவு அட்டவணையை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். அந்த அட்டவணை ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. அதன்படி 'ப' ஒலிக்கு இரண்டு ஃப்ரேம் உதட்டை மூடித் திறந்தால் போதும். அப்படிச் செய்தவுடன் திரையிலிருந்த பெண் அப்பாவை 'அபா' என்று கூப்பிட்டாள். ஒலியை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தோம். நம் இரட்டித்த 'ப்ப'வில் உதடு மூடியே இருக்கும் நேரம் நான்கைந்து ஃப்ரேமுக்குக் குறையவில்லை. 'சும்மா'விலும் அதே கதை. மாறாக, 'ழ'வையும் 'ள'வையும் நாக்கு வாய்க்குள்ளேயே முடித்துவிடுவதால் அவற்றுக்கு உதட்டில் தனி வடிவம் தேவைப்படுவதில்லை. முன்னும் பின்னும் வரும் உயிரொலியின் வடிவமே போதும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இந்த நகரத்தின் டப்பிங் எழுத்தாளர்களுக்கோ இது கைவந்த விஷயம். அசலில் உதடு மூடும் இடத்தில் ப, ம வருகிற சொல்லைத் தேடிப் பிடிப்பதே அவர்கள் பிழைப்பு. கோடம்பாக்கத்தில் ஒரு தெருவுக்குள் இருக்கும் அந்த அறிவு, பக்கத்துத் தெரு அனிமேஷன் வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை.

உதட்டைச் சரிசெய்த பிறகு மீதமிருந்தது அந்த மூன்று நொடி மௌனம். முதல் வாரத்தில் அனைவரும் அதை நிரப்பியிருந்தார்கள்: தலையைச் சொறிந்தாள், பெருமூச்சு விட்டாள், நகத்தைக் கடித்தாள், சன்னல் பக்கம் நடந்தாள். முக்கிய நிலைகளை மட்டும் வைக்கும் பிளாக்கிங் நிலையில் பரவாயில்லை என்று தோன்றியது, இடைப்பட்ட அசைவைக் கணினி வழவழவென்று நிரப்பும் ஸ்ப்ளைனுக்கு மாற்றியதும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் மிதந்தது. ஒருவர் மட்டும், மற்றவர்களின் விமர்சனத்துக்குப் பின், எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அவருடைய இறுதி வடிவத்தில் மகள் ஒன்றுமே செய்யவில்லை. கண் முதலில் கீழே போகிறது, சில ஃப்ரேம் கழித்துத் தலை அதைத் தொடர்கிறது, பிறகு தொலைபேசியை வலக்காதிலிருந்து இடக்காதுக்கு மாற்றுகிறாள். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பது அந்த மாற்றத்தில் தெரிந்துவிட்டது. வாக்கெடுப்பில் அவர் இரண்டாமிடம்தான் பெற்றார். முதலிடம் பெற்றது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒன்று. ஆனால் வாக்கு வாக்குதான்.

வசனம் தமிழில் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது மொழிப்பற்றினால் மட்டுமன்று. ஆங்கில ஒலித்துண்டைக் கேட்டுப் பழகிய நம் இளைஞர்கள் தோளைக் குலுக்கி இரு கைகளையும் விரித்துக் காட்டும் உடல்மொழியையே நடிப்பு என்று எண்ணுகிறார்கள். பேருந்தில் நடத்துநர் சில்லறைக்காக நீட்டும் இரண்டு விரல், கேள்வியாக மேலெழும் மோவாய், சம்மதமா மறுப்பா என்று சொல்ல முடியாத தலையாட்டல், உச்சுக்கொட்டும்போது ஒரு பக்கமாக இழுபடும் கன்னம் ஆகிய எதற்கும் ரெஃபரன்ஸ் தேடிக் கடல் தாண்ட வேண்டியதில்லை. 29சி பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் போதும். குரலுக்கும் பஞ்சமில்லை. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழியில் உடலையும் குரலையும் பயிற்றும் நாடகக் கலைஞர்கள் இந்நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய கூலி கொடுத்து மாதம் ஒரு துண்டைப் பதிவு செய்தால், திரைப்பட வசனத்தை எடுத்தாள்வதில் வரும் உரிமைச் சிக்கலும் தீரும்.

ஸ்டுடியோக்களுக்கு இதில் என்ன ஆதாயம் என்று நீங்கள் கேட்பது நியாயம். வெளிநாட்டுப் படங்களின் ஷாட்டுகளில் வேலை செய்யும் உங்கள் அனிமேட்டர்கள், ஒப்பந்தக் கட்டுப்பாட்டினால், படம் வெளிவரும் வரையிலும் சில சமயம் அதற்குப் பிறகும் தம் உழைப்பை எவரிடமும் காட்ட முடிவதில்லை. ஐந்தாண்டு அனுபவமுள்ளவரின் ஷோரீலில் கல்லூரிக் காலத்துப் பந்துதான் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறது. மாதப் போட்டியில் செய்தது அவருக்குச் சொந்தமானது, தயங்காமல் காட்டலாம். இன்னொன்று: வேலைக்கு வருபவர்களிடம் ஒரு வாரம் சம்பளமின்றி 'டெஸ்ட்' ஷாட் வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒருவர் தொடர்ந்து செய்த நான்கு மாதப் பதிவுகளை வரிசையாகப் பார்த்தால், அந்த ஒரு வார டெஸ்ட் சொல்லாத ஒன்று தெரியும்: சென்ற மாதம் சுட்டிக்காட்டிய பிழையை இவர் இந்த மாதம் திருத்திக்கொள்கிறாரா?

நடிகரின் அசைவை அப்படியே கணினியில் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2014இல் அம்முறையில் எடுத்த கோச்சடையான் படம் வந்தபோதே எழுந்த கேள்விதான் இது. நடிகரின் உடலிலிருந்து பதிவான அசைவை எடுத்துத் திருத்தி, கண்ணுக்கும் விரலுக்கும் உயிர் கொடுக்க நடிப்பறிந்த அனிமேட்டர் வேண்டும் என்பதை அந்த வேலையைச் செய்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நடத்தும் முறையில் சில கவலைகள் எனக்கு உண்டு. பணப்பரிசு வேண்டாம், பணம் வந்தால் ஒளியமைப்பும் தலைமுடியும் துணியும் வந்துவிடும், போட்டி ரெண்டருக்குள் போய்விடும். சாம்பல் ரிக் போதும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் 2002 முதல் திறமூலமாகக் கிடைப்பதால், கணினி ஒன்று இருப்பவருக்கு வேறு செலவு இல்லை. கையால் வரைபவர்களையும் இருபரிமாணத்தில் செய்பவர்களையும் ஒதுக்க வேண்டியதில்லை. நண்பர்கள் நண்பர்களுக்கே வாக்களிக்கும் நோயைத் தடுக்க, வாக்கெடுப்பு முடியும் வரை பெயர்களை மறைப்பதோடு, படைப்பு அனுப்பிய ஒவ்வொருவரும் வேறு பத்துப் படைப்புகளுக்கு மதிப்பெண்ணும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியக் குறிப்பும் எழுத வேண்டும் என்று வைக்கலாம். 'நன்றாக இருக்கிறது' என்பது குறிப்பாகாது. எந்த ஃப்ரேமில், எது, ஏன் என்று எழுத வேண்டும். பிறர் ஷாட்டில் பிழை கண்டு எழுதிப் பழகுபவர் அசைவின் வேகத்தை வளைகோடுகளாகக் காட்டும் தம் கிராஃப் எடிட்டரைத் திறக்கும்போது வேறு கண்ணோடு திறக்கிறார்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் தந்த வசனத்தையோ, விளம்பர நிறுவனம் கேட்ட கதாபாத்திரத்தையோ போட்டிக்குள் நுழைக்கக் கூடாது. அனுப்பப்பட்ட எதன் மீதும் ஸ்டுடியோவுக்கோ நிலையத்துக்கோ உரிமை கிடையாது. இல்லையென்றால், சம்பளமில்லாத வேலைக்கு நாமே மாதாமாதம் வாசல் திறந்துவைத்தவர்கள் ஆவோம். அதேபோல் ஊழியர்களைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். டெலிவரி வாரத்தில் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புபவரிடம் போட்டியைப் பற்றிப் பேசுவது அநியாயம். ஆண்டில் நான்கு முறை செய்தாலே அவருக்குப் பெரிது.

நிலையங்களிடம் கேட்பது சற்று எளிது. இறுதி ஆண்டுக் குறும்படத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. விரும்பும் மாணவர் அதற்குப் பதிலாக ஆறு மாதப் பதிவுகளையும், ஒவ்வொன்றுக்கும் பெற்ற விமர்சனத்தையும், அதன்பின் திருத்திய வடிவத்தையும் ஒப்படைக்க இடம் கொடுங்கள்.

மாத இறுதி விமர்சனக் கூட்டத்தை எந்த ஸ்டுடியோவின் பெயரும் ஒட்டாத பொது இடத்தில் நடத்துவது நல்லது. அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு நடத்தும் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒரு வகுப்பறையும் புரொஜெக்டரும் சனிக்கிழமை மாலையில் கிடைக்குமா என்று நாம் சேர்ந்து கேட்கலாம். அங்கே முதல் மூன்று படைப்புகளோடு, நடுவிலிருந்து குலுக்கலில் எடுத்த மூன்றையும் ஒரு சூப்பர்வைசர் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, போஸுக்கு மேல் கோடு போட்டுப் பேச வேண்டும். முதலிடம் பெற்றவரைவிட அந்த நடு மூவருக்குத்தான் அவரது நேரம் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

முதல் இரண்டு மாதங்களுக்கான வசனங்கள் என்னிடம் பதிவாகித் தயாராக உள்ளன. ஒன்றில், தையற்கடையில் அளவு கொடுக்க வந்த பெரியவர் தம் வயிற்றின் சுற்றளவை ஒப்புக்கொள்ள மறுக்கிறார். அதைப் பேசிய நடிகர் கடைசியில் ஒரு சிறு இருமலைச் சேர்த்திருக்கிறார். அது கேட்டு வாங்கியதன்று. அந்த இருமலை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. உங்களில் இரண்டு ஸ்டுடியோவும் ஒரு நிலையமும் சம்மதித்தால், வரும் மாதம் முதல் தேதியே அதை வெளியிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கேரக்டர் அனிமேஷன் பயிற்றுநர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை.