ஸ்லைடு பார்க்கும் டாக்டரை நாங்களும் பார்க்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தோல் பயாப்ஸி (தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) ரிப்போர்ட் புரியவில்லை என்று எழுதியிருந்த அம்மாவுக்கு, ‘உங்கள் தோல் மருத்துவரிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள்’ என்று சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் பதில் வந்திருந்தது. தப்பில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டை எழுதியவர் அவர் இல்லையே. எழுதிய பேத்தாலஜிஸ்ட்டையே, அதாவது அந்தத் துண்டை லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டரையே, போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லைதான், தானாக அமைந்தது.

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை வைத்து நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறவன் நான். இடது முன்கையில் காசு அகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று வந்தது. தேமல் என்று மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கித் தடவியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. திட்டு பெரிதானதும் ஈரோட்டில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அரிப்பு உண்டா என்றார், இல்லை என்றேன். வலி? அதுவும் இல்லை என்றேன், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. வெளியே அறுபது டோக்கன் காத்திருந்தது, அவரையும் குறை சொல்ல முடியாது. மரக்க ஊசி போட்டு, 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைக் குடைந்தெடுத்து, ஃபார்மலின் குப்பியில் போட்டு லேபுக்கு அனுப்பினார்.

பத்தாம் நாள் ரிப்போர்ட் செல்போனுக்கு வந்தது. ‘கிரானுலோமாட்டஸ் டெர்மடைட்டிஸ். கிளினிக்கல் கோரிலேஷன் தேவை.’ தோலில் அழற்சிச் செல்கள் கூட்டமாகத் திரண்டிருக்கின்றன, ஆளின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கணும் என்று அர்த்தமாம். பையன் போனில் தேடி ஒவ்வொன்றாகப் படித்தான். காசநோயில் இப்படி வருமாம், சார்க்காய்டோசிஸ் என்று ஏதோ ஒன்றில் வருமாம், சில பூஞ்சைகளிலும் வருமாம். நடுவில் ஒரு வரியை மட்டும் வாய்விட்டுப் படிக்காமல் தாண்டினான். எங்கள் ஊரில் அதை இன்னும் பெருவியாதி என்றுதான் சொல்வார்கள், அதையும் குரலை இறக்கி. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு.

‘தெளிவா வரலைங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம்’ என்றார் டாக்டர். மூன்று மாதம் பொறுக்க என்னால் ஆகவில்லை. கோவையில் வேறு ஒருவரிடம் காட்டலாம் என்று என் தோல் வில்லை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும், மிச்சத் துண்டு பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு லேபுக்குப் போனேன். பேத்தாலஜிஸ்ட் டாக்டர் பேசண்ட்டுகளைப் பார்ப்பதில்லை என்று அங்கிருந்த பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கையெழுத்துப் போட அவரே வெளியே வந்துவிட்டார்.

‘எங்கீங்க, அந்த எடத்தைக் காட்டுங்க’ என்றார். திட்டின் ஓரத்தில் இருந்த தழும்பைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

‘பாகு தெறிச்சதுங்க.’

‘ரொம்ப எரிஞ்சுதா?’

‘இல்லீங்க. சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது.’

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப் ஒன்று அங்கே இருந்தது. ரோஜா நிறத்தில் தோல், அதற்குள் எறும்பு மொய்த்த மாதிரி ஊதாக் கூட்டம். அதுதான் கிரானுலோமா என்றார். என்னைப் பற்றி அவருக்கு வந்திருந்த சீட்டையும் காட்டினார். ‘வெளிறிய திட்டு, முன்கை’, அவ்வளவுதான். ஆலை, பாகு, மரத்துப்போன கை எதுவும் அதில் இல்லை. 5 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு கனத்தில் சீவினால் 3 மில்லிமீட்டர் துண்டில் 600 வில்லை எடுக்கலாம், தான் பார்த்தது ஏழெட்டுத்தான், மிச்சம் இன்னும் மெழுகில் இருக்கிறது என்றார். இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார். அதில் அகப்பட்டது, இழை மாதிரி ஒரு நரம்பு, அதை அரித்துக்கொண்டிருக்கும் அதே ஊதாக் கூட்டம். கிருமிக்கான ஃபைட் சாயம் போட்டும் கிருமி தெரியவில்லை. இந்த வகையில் தெரியாமல் போவதே வழக்கம், நரம்புதான் சாட்சி என்றார். அவரே தோல் டாக்டருக்குப் போன் போட்டார். தோல் டாக்டர் என்னைத் திரும்ப வரச்சொல்லி, கண்ணை மூடவைத்துப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. தொழுநோய்தான். ஆறு மாதம் கூட்டு மருந்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை என்பதால் எழுதுகிறேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் கை வெந்தவர், சிமெண்ட் குழைத்துக் கை வெடித்த கொத்தனார், பார்த்தீனியம் பிடுங்கி முகம் கறுத்த ஆத்தா, மூன்று பேர் தோலையும் வெட்டி வைத்தால் அநேகமாக ஒரே மாதிரி ஒவ்வாமை வீக்கம்தான் தெரியுமாம். எதனால் வந்தது என்று ஸ்லைடு சொல்லாது, ஆள்தான் சொல்லணும். ‘கோரிலேஷன் தேவை’ என்று பேத்தாலஜிஸ்ட் எழுதுவது அந்த ஆளைத் தேடித்தான் போல. ஆளோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்.

கோவையிலும் பெருந்துறையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2022 ஜனவரியில் திறந்த 11 புதிய கல்லூரிகளில் திருப்பூரும் நாமக்கல்லும் உண்டு. தோல் பிரிவும் நோய்க்குறியியல் துறையும் இல்லாத மருத்துவக் கல்லூரி கிடையாது. வாரம் ஒரு மணி நேரம் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து, முடிவு தெளிவில்லாத பயாப்ஸிக்காரர்களை மட்டும் கூப்பிட்டால் போதும். மருவுக்கும் பாலுண்ணிக்கும் எல்லாம் வேண்டாம். இருவரும் சேர்ந்து இருந்தால், ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புவார்கள் என்ற பயமும் இல்லை. வைத்தியம் தோல் டாக்டருடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. புற்றுநோய் மாதிரி சேதி என்றால் கூட ஒரு ஆள் இருக்கும்போது சொல்லட்டும். அமெரிக்காவில் சில மருத்துவமனைகளில் நோயாளிக்கு அவர் ஸ்லைடையே காட்டிப் பேசுகிறார்கள் என்று பையன் சொன்னான். அத்தனை தூரம் போக வேண்டாம், லேபுக்குப் போகிற சீட்டில் நோயாளி தன் வாயால் சொல்கிற நாலு வரிக்கு இடம் விட்டாலே எனக்குப் போதும்.

மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ஆம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. அந்தக் காகிதத்தை எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. உங்கள் மருத்துவப் பகுதியில் மாதம் ஒரு முறையாவது ஒரு பேத்தாலஜிஸ்ட்டைப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

மாத்திரை முடிந்து திட்டும் மங்கிவிட்டது. அந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் மரத்தே இருக்கிறது, அதனால் பாகு காய்ச்சும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன். பெண்ணுக்கு இன்னும் வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கவுந்தப்பாடி, ஈரோடு மாவட்டம்.